யாழ்ப்பாணத்தில் நாள் வாடகைக்கு விட முதல் வீடு: எந்த ஊரில், எந்த ஒழுங்கையில் வாங்குவது?

நாள் வாடகைக்கு விட யாழ்ப்பாணத்தில் வீடு தேடுகிறவர்கள் தரகரிடம் முதலில் கேட்பது, "நல்லூருக்கு எவ்வளவு கிட்ட?" என்பதைத்தான். திருவிழா நேரம் நல்லூரடியில் அறை கிடைக்காமல் அலைந்தவர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் திருவிழா 25 நாள். மிச்சம் 340 நாளும் அந்த வீட்டுக்குக் கரண்ட் பில் வரும், முற்றம் கூட்ட ஆள் வேண்டும், பூட்டிக் கிடந்தால் கறையான் வரும். ஆகவே இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மாசியிலும் அங்கே யார் வந்து தங்குவார்கள் என்ற கேள்வி. ஆவணி மாதம் எந்த ஊரில் வாங்கினாலும் ஓரளவு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

யார் வருகிறார்கள், எந்த மாதம்

யூலை, ஓகஸ்டில் கனடா, இலண்டன், பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனியிலிருந்து குடும்பங்கள் வரும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் நல்லூரும் ஒன்றாக விழுகிற காலம் அது. மார்கழிக் கடைசியிலிருந்து தைப்பொங்கல் வரைக்கும் இன்னொரு அலை. இவர்களுக்கு வேண்டியது அறை அல்ல, முழு வீடு: குசினி, மூன்று அறை, வான் நிறுத்த இடம், நல்ல பாத்ரூம்.

தென்னிலங்கைக் குடும்பங்கள் சித்திரை, மார்கழி விடுமுறையிலும் போயா ஒட்டிய நீண்ட வார இறுதிகளிலும் நயினாதீவுக்கும் கோட்டைக்கும் கசூரினாவுக்கும் வருவார்கள். பெரும்பாலும் ஒரு இரவு, கூடினால் இரண்டு. பஸ் பிடித்துக் கூட்டமாக வருகிறவர்கள் மண்டபம் தேடுவார்கள். அவர்கள் உங்கள் வாடிக்கையாளர் அல்லர்.

கலியாணக் காலம் வேறு. தை, வைகாசி, ஆவணியில் மண்டபங்கள் நிரம்பும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு மண்டபத்துக்குக் கிட்ட மூன்று நாள் வீடு தேவைப்படும். அதற்கு நல்ல விலையும் கொடுப்பார்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் கணக்கில் எடுக்காத ஒரு கூட்டம் உண்டு. செத்தவீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஓடிவருகிற பிள்ளைகள். அந்தியேட்டி 31ஆம் நாள் என்பதால் மூன்று நான்கு கிழமை நிற்பார்கள். மாதம் பார்த்து மரணம் வருவதில்லை. மழைக்காலத்திலும் வீடு கேட்டு அழைப்பு வரும். இதோடு போதனா வைத்தியசாலைக்கு வன்னியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருகிற நோயாளிகளின் உறவினர், பல்கலைக்கழகத்துக்கு வருகிற பரீட்சகர்கள், கொழும்பிலிருந்து வேலையாக வருகிற உத்தியோகத்தர், காணி விற்கவும் உறுதி முடிக்கவும் வருகிற வெளிநாட்டுக்காரர். ஆண்டு முழுக்க வருவது இந்தக் கூட்டம்தான். அவர்கள் எல்லாரும் போகும் இடம் யாழ். நகரமும் திருநெல்வேலியும், கடற்கரை அல்ல.

கணக்கை முதலில் போடுங்கள்

ஒரு உதாரணக் கணக்கு. தொகைகள் கணக்கு முறையைக் காட்டத்தான். உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள். மூன்று அறை வீடு, விலை இரண்டரைக் கோடி ரூபா. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்: 3,000 சக 9,96,000, ஆக 9,99,000 ரூபா. இதை வாங்குபவர்தான் கட்டுவது. நொத்தாரிசு கட்டணம், திருத்தம், கட்டில், ஏசி, சோலர் என்று சேர்த்தால் மூன்று கோடியைத் தொடும்.

வருமானம்: திருவிழா மாதம் 25 இரவு, இரவுக்கு 25,000. மார்கழிக் கடைசி–தை முற்பகுதி, ஒரு மாதக் கணக்கில் 20 இரவு, 20,000. யூலை 15 இரவும் சித்திரை 10 இரவும், 18,000 வீதம். மிச்ச எட்டு மாதத்துக்கும் மாதம் ஆறு இரவு, 12,000 வீதம். மொத்தம் 118 இரவு, 20,51,000 ரூபா.

செலவு: இணையத் தளங்களுக்கான தரகு 15 வீதம் என்றால் ஏறக்குறைய 3,08,000. பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 45,000, ஆண்டுக்கு 5,40,000. கரண்ட், தண்ணீர், இணையம் மாதம் 25,000 வீதம் 3,00,000. ஒவ்வொரு குழு போனதும் கழுவிக் கூட்டி விரிப்பு மாற்ற 4,000. ஒரு குழு சராசரி இரண்டு இரவு என்றால் 59 தடவை, 2,36,000. திருத்தவேலைக்கு 2,00,000. மொத்தச் செலவு 15,84,000. கையில் மிஞ்சுவது 4,67,000 ரூபா. மூன்று கோடிக்கு ஒன்றரை வீதம்.

அந்தக் காசை வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டால் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். இதைப் பார்த்துப் பலர் திருவிழா மாத வாடகையை இன்னும் கூட்டலாமா என்று யோசிப்பார்கள். கணக்கை மாற்றுவது அது அல்ல. அந்த எட்டு மாதத்தில் மாதம் ஆறு இரவை 14 ஆக்கினால் வருமானம் 7,68,000 கூடும். தரகும் கழுவும் செலவும் போக 5,24,800 மிஞ்சும். இலாபம் இரட்டிப்பதற்கும் மேலே. ஆகவே ஒவ்வொரு வீட்டையும் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் கார்த்திகை மாதம் 14 இரவு எங்கேயிருந்து வரும்?

விடை தெரிய ஒரு வழி உண்டு. பார்க்கிற ஊரில் எயார்பிஎன்பி, புக்கிங் தளங்களில் உள்ள பத்து வீட்டைக் குறித்துக்கொண்டு, கிழமைக்கு ஒருமுறை அவற்றின் நாட்காட்டியைப் பாருங்கள். மூன்று மாதம் போதும், அதில் ஒன்று மழை மாதமாக இருக்கட்டும். அடைபட்ட நாள் எல்லாம் விற்ற நாள் அல்ல. உரிமையாளர் சொந்தப் பாவனைக்கு மூடியும் வைத்திருப்பார். புதிய விமர்சனங்கள் எத்தனை விழுந்திருக்கின்றன என்பதோடு ஒப்பிட்டால் ஓரளவு உண்மை தெரியும். கையில் பொறுமை இருந்தால் இன்னும் நல்ல வழி: அதே ஊரில் ஒரு வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்து, உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு நாள் வாடகைக்கு விட்டுப் பார்ப்பது. மூன்று கோடியைப் போட்டுப் படிக்கவேண்டியதைச் சில இலட்சத்தில் படித்துவிடலாம்.

ஊர் ஊராக

நல்லூரில் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் காணி விலை மிக அதிகம். திருவிழாக் காலத்தில் கோவிலைச் சுற்றி வீதிகள் மறிக்கப்படும். வாகனம் உள்ளே போகாது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் நான்கு பெரிய பெட்டிகளும் தடையிலிருந்து வீட்டுக்கு நடக்கவேண்டும். அதனால் கோவில் மதிலைப் பார்த்த வீட்டைவிட, தடைக்குச் சற்று வெளியே, நடந்தால் பத்து நிமிடத்தில் உள்ள வீடு நல்லது, விலையும் குறைவு. இன்னொன்று: கோவிலடியில் மச்சம் சமைப்பதும் மதுவும் அயலாருக்குப் பொருந்தாது. வீட்டு விதியில் அதைத் தெளிவாக எழுத வேண்டிவரும். எழுதினால் வெளிநாட்டுப் பயணிகளில் ஒரு பகுதி விலகிப்போகும். விடிய ஒலிபெருக்கி கேட்கும் என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விமர்சனத்தில் அவர்கள் சொல்வார்கள்.

நகரம், அதாவது ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிப் பக்கம், மழை மாதங்களுக்கு ஏற்றது. ரயில், பஸ் நிலையம், வைத்தியசாலை எல்லாம் கிட்ட. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் விடிய வந்து இறங்குகிறவருக்கு ஓட்டோவில் ஐந்து நிமிடம். குறை, வளவு சிறிது, வான் திரும்ப இடமில்லை, கிணறும் மலக்குழியும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு நிற்கும்.

சுண்டுக்குளியும் அதை அண்டிய பழைய வீதிகளும் முதல் வீட்டுக்கு நன்றாகப் பொருந்தும். அகலமான வீதி, மரம், பழைய பெரிய வீடுகள், நகரத்துக்கு மூன்று கிலோமீற்றருக்குள். எந்த மதத்தவரும் எந்தச் சாப்பாட்டோடும் வந்து தங்கலாம். விலை மலிவல்ல. கடல்நீரேரிப் பக்கம், பாஷையூர், குருநகரை நோக்கிப் போகப்போக நிலம் தாழும்; அங்கே கிணற்று நீரையும் மழைநீர் வடிகாலையும் கூடுதலாகப் பார்க்கவேண்டும்.

திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில்: தொழிலுக்குப் புதியவருக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். பல்கலைக்கழகம் அருகில், நல்லூர் இரண்டு மூன்று கிலோமீற்றர், திருநெல்வேலிச் சந்தையும் சாப்பாட்டுக் கடைகளும் நடை தூரம். முக்கியமான காரணம் வேறு. நாள் வாடகை சரிவராவிட்டால் அதே வீட்டை விரிவுரையாளருக்கோ மாணவருக்கோ மாத வாடகைக்கு அடுத்த கிழமையே விடலாம். காரைநகரில் அந்தப் பின்வழி இல்லை.

வலிகாமம் வடக்கு, காங்கேசன்துறை, கீரிமலைப் பக்கத்தைப் பலர் ஆவலோடு பார்க்கிறார்கள். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகியது. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. ஆனால் விமானத்தில் வருகிறவர் விமான நிலையத்தடியில் தங்குவதில்லை, நேரே நகரத்துக்கோ தன் ஊருக்கோ போகிறார். கப்பலோ வடகீழ்ப் பருவக்காற்று நேரம் நிற்கும், உங்களுக்கு ஆள் தேவைப்படுகிற அதே மாதங்களில். கீரிமலையில் அந்தியேட்டிக்கு வருகிறவர்கள் பகலில் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் நீண்ட காலம் கிடந்த காணிகளில் வேலியும் எல்லைக்கல்லும் அழிந்து போனதால், புதிய அளவைப்படம் இல்லாமல் அங்கே ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

தீவகத்தில் காணி மலிவு. வேலணை, புங்குடுதீவு, காரைநகர் எங்கும் பூட்டிய வீடுகள் நிறைய. பூட்டிக் கிடப்பதற்குக் காரணமும் உண்டு: தண்ணீர் உவர், இரவில் கடை இல்லை, உரித்தாளர்கள் ஐந்து நாட்டில். கசூரினாவுக்கு வருகிறவர் குளித்துவிட்டுப் பின்னேரம் நகரத்துக்குத் திரும்புகிறார். நெடுந்தீவு, முதல் வீட்டுக்கு வேண்டாம். ஒரு பைப் உடைந்தால் குறிகட்டுவானிலிருந்து வள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

வடமராட்சியில் பருத்தித்துறைக் கடற்கரை அழகானது, அந்த ஊர்க்காரர் வெளிநாட்டில் நிறையப் பேர் இருப்பதால் ஊர் விழாக்களுக்கு வீடு போகும். தென்மராட்சியில் ஏ9 வீதி ஒட்டி வாங்கினால் போகிற வழியில் ஓரிரவு தங்குகிறவர் கிடைக்கலாம். இரண்டும் அந்த ஊரிலேயே ஆள் வைத்திருப்பவருக்குத்தான்.

வளவில் பார்க்க வேண்டியவை

தண்ணீர்தான் முதல். குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மழைக்காலத்தில். சுண்ணாம்புக்கல்லுக்குள் கடல்நீருக்கு மேலே மிதக்கும் நன்னீர்ப் படைதான் நம்முடைய கிணறு. கரையோரத்தில் அளவுக்கு மேல் இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலே ஏறும். அதனால் தண்ணீரைத் தையில் சுவைத்துப் பார்த்துப் பயனில்லை. மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் இனிக்கும். ஆவணி, புரட்டாசியில் பாருங்கள். ஒரு குதிரைவலு வோட்டர் பம்மை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, கடைசியில் வருகிற தண்ணீர் முதலில் வந்ததைவிட உப்பா என்று பாருங்கள். ஒரு ஆளுக்கு நாளுக்கு 200 லீற்றர் என்று வைத்தால் ஆறு பேருக்கு 1,200 லீற்றர். 2,000 லீற்றர் தாங்கி வேண்டும்.

அடுத்தது நைத்திரேற்று. தோட்டங்களில் போடுகிற யூரியாவும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து பல கிணறுகளில் இது கூடுதலாக உள்ளது. உலக சுகாதார அமைப்பின் குடிநீர் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்றுவதால் அதன் அளவு கூடத்தான் செய்யும். புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைக்கு இது ஆபத்து, வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்களில் கைக்குழந்தை இருக்கும். ஆகவே ஆய்வுகூடப் பரிசோதனை செய்து, குடிக்க வேறு தண்ணீர் வையுங்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் மின் நிலையத்து எண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அந்தப் பக்கம் வாங்குகிறவர் எண்ணெய், கிறீஸ் பரிசோதனையையும் சேர்த்துச் செய்விக்க வேண்டும். வன்தண்ணீர் சுடுநீர்க் கருவியையும் ஷவரையும் சுண்ணாம்பால் அடைக்கும், அது தவிர்க்க முடியாத செலவு. குழாய் நீர் அந்த வீதிக்கு வந்துவிட்டதா, இணைப்புக் கிடைக்குமா, நாளுக்கு எத்தனை மணித்தியாலம் வருகிறது என்று அயல்வீட்டில் கேளுங்கள்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடியாவது வேண்டும் என்பது ஊரில் பழகிய அளவு. சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் அதுவும் உத்தரவாதமில்லை. உங்கள் குழியை மட்டும் அளந்துவிட்டு வரக்கூடாது. மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி எங்கே இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு வெட்டிய குழி, கலியாண வீட்டுக்கு வந்த பன்னிரண்டு பேரைத் தாங்காது. கழிவகற்றும் பவுசர் குழிக்குக் கிட்ட வர முடியுமா என்பதும் வீட்டின் விலையில் சேர்கிற விஷயம்.

வெள்ளத்தைப் பற்றி விற்பவர் சொல்லமாட்டார், சுவர் சொல்லும். அடிச்சுவரில் உப்புப் பூத்த கோடு, ஒரே உயரத்தில் புதிதாகப் பூசிய வர்ணம், கதவு நிலையின் அடியில் உக்கல், இவற்றைப் பாருங்கள். 2008 நிஷா புயலிலும் 2024 நவம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்த ஒழுங்கையில் மூன்று வீட்டில் தனித்தனியே கேளுங்கள். இடப்பெயரில் குளம், பள்ளம், தரவை, மோட்டை என்று வந்தால் கவனம். வயல்காணியைக் கமநல அனுமதியில்லாமல் நிரவிக் கட்டிய வீடு என்றால் வெள்ளமும் வழக்கும் சேர்ந்தே வரும்.

ஒழுங்கை பத்து அடிக்குக் குறைவு என்றால் ஹையேஸ் வான் உள்ளே வரலாம், எதிரே ஒரு ஓட்டோ வந்தால் பின்னுக்குப் போகவேண்டும். வானை ஒரு தடவை கொண்டுபோய் கேற்றுக்குள் விட்டுத் திருப்பிப் பாருங்கள். காலை ஐந்து மணி, இரவு ஒன்பது மணி, பெருமழைக்கு மறுநாள் என மூன்று வேளை போய்ப் பார்த்தால் ஒலிபெருக்கி, தெருவிளக்கு, தெருநாய், தேங்கும் தண்ணீர் எல்லாம் தெரிந்துவிடும்.

மின்சாரம்: பழைய வீடுகளுக்கு ஒரு கட்ட 30 அம்பியர் இணைப்புத்தான் இருக்கும், அதாவது ஏறக்குறைய 6.9 கிலோவாற். மூன்று ஏசி 3.3, சுடுநீர்க் கருவி 3, கேத்தல் 2 என்று சேர்த்தாலே தாண்டிவிடும். இரவு ஏழு மணிக்கு எல்லாரும் குளிக்கும்போது கட் அவுட் விழும். மூன்று கட்ட இணைப்பு அந்தக் கம்பத்திலிருந்து கிடைக்குமா என்று வாங்குமுன் விசாரியுங்கள். சூரியகலம் போட நினைத்தால் கூரையில் பனை, தென்னை நிழல் விழுகிறதா என்றும் பாருங்கள். தேங்காய் விழுகிற தூரத்தில் கூரை ஓடும் சூரியகலக் கண்ணாடியும் நிலைக்காது.

பழைய நாற்சார் வீடு படத்தில் நன்றாக இருக்கும், வெளிநாட்டுக்காரருக்குப் பிடிக்கும், கூடுதல் வாடகையும் வரும். ஆனால் கூரையைத் தாங்கும் பனஞ்சிலாகையும் வளையும் உள்ளே கறையான் தின்றிருக்கும். கத்தி முனையால் குத்திப் பார்த்தால் தெரியும். முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் பாத்ரூம் வைப்பதற்குச் சுவர் உடைக்க வேண்டும். அந்தச் செலவை மேசனிடம் எழுத்தில் வாங்கி, விலையில் கழித்துப் பேசுங்கள்.

உறுதி: இங்கேதான் வீடுகள் மாட்டிக்கொள்கின்றன

முதலில் அளவு. வீட்டுக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். வயலில் 24 பரப்பு ஒரு ஏக்கர். நெற்பரப்பைச் சொல்லி வீட்டுப் பரப்பு விலை கேட்டால் மூன்றில் ஒரு பங்கு காணி காற்றில் போகும். உறுதியில் எந்தப் பரப்பு என்று பாருங்கள்.

நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத் தோம்பை, அதாவது காணி யார் யார் கைமாறியது என்ற பதிவேட்டை, பார்க்கவேண்டும். ஈடு, ஒற்றி, சீவிய உருத்து (ஒருவர் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை), வழக்குப் பதிவு எதுவும் உண்டா? "பிரிக்கப்படாத எட்டில் ஒரு பங்கு" என்று எழுதியிருந்தால் அது வீடு அல்ல. ஏழு பேரோடு வாங்குகிற கூட்டுப் பங்கு. பிரிவினை உறுதியோ நீதிமன்றத் தீர்ப்போ இல்லாமல் தொடவேண்டாம். அண்மையில் எழுதிய பிரகடன உறுதி (காணி தன்னுடையது என்று ஒருவர் தானே எழுதிக்கொள்வது) மட்டும் இருந்தால், உண்மையான உரித்தாளர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். போரால் இடம்பெயர்ந்தவர்களின் காணியில், 10 வருடம் இருந்ததால் வந்த ஆட்சியுரிமை என்று சொல்வதை அப்படியே நம்பாமல் சட்டத்தரணியிடம் கேளுங்கள்; 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்காகவே வந்தது.

தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம், இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. தேசவழமைக்குட்பட்ட பெண் தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தேடிய தேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து, என்றால் இருவரும் கையொப்பமிடுவது பாதுகாப்பு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க முன்வாங்குரிமைச் சட்டப்படி, பங்காளிக்கும் விற்பவரின் உரித்தாளராகக் கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று கேட்டு, அதன் பிரதியை வாங்கிக் கோவையில் வையுங்கள். கொடுக்காவிட்டால், நீங்கள் ஏசி பூட்டி முடித்த பிறகு வழக்கு வரும்.

கிணற்றுப் பங்கையும் பாதையையும் வாசியுங்கள். பல உறுதிகளில் "கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்" என்று இருக்கும். விருந்தாளி காலையில் பல் விளக்கும்போது அயல்வீட்டுக்காரர் தண்ணீர் அள்ள வருவது சட்டப்படி சரியான விஷயம். உங்கள் ஒழுங்கை பொது ஒழுங்கையா, யாருடையதாவது காணிக்குள்ளால் போகிற பாதையா என்பது அளவைப்படத்தில் தெரியும்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்து அற்றோணித் தத்துவத்தில் (தனக்காகக் கையொப்பமிட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) விற்றால், அது பதியப்பட்டதா, இரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என மூன்றையும் உறுதிசெய்யுங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. அவரோடு ஒருதடவை வீடியோவில் பேசிவிடுவது நல்லது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்கள், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணியை அறுதியாக வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடையில்லை. நீண்ட குத்தகை இன்னொரு வழி. தம்பியின் பெயரிலோ மச்சானின் பெயரிலோ எழுதி வைப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது. எழுதிய அன்றே சட்டப்படி அது தம்பியின் சொத்து. அவர் இறந்தால் அவர் பிள்ளைகளின் சொத்து. பாசம் வேறு, தோம்பு வேறு.

அனுமதிகள்

மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, 13 பிரதேச சபை. உங்கள் வீடு எதற்குள் என்று பார்த்து அங்கே கட்டட வரைபட அங்கீகாரம், அந்த வரைபடப்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரி நிலுவை ஆகியவற்றை எடுங்கள். வீதிக்கோடு, அதாவது வீதியை அகட்ட ஒதுக்கிய எல்லை, உங்கள் விறாந்தைக்குள்ளால் போனால் முன்பக்கத்தில் எதையும் கட்ட முடியாது. அதே கவுண்டரில், வீட்டைத் தங்குமிடமாக நடத்த உரிமம் தேவையா என்றும் கேளுங்கள்.

கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் அது கரையோர வலயம். கட்டவும் பெருப்பிக்கவும் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி வேண்டும். இருக்கிற வீடு அனுமதியோடு கட்டப்பட்டதா என்ற ஆதாரத்தை விற்பவரிடமே கேளுங்கள். கந்தரோடை, மந்திரிமனை போன்ற தொல்லியல் இடங்களுக்குக் கிட்ட என்றால் தொல்பொருள் திணைக்களத்திலும் விசாரிக்க வேண்டும். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் ஹோம்ஸ்டே, விருந்தினர் விடுதி, பங்களா என்று வகைகள் தனித்தனி. எந்த வகையில் பதியப்போகிறீர்கள் என்று வாங்குமுன் தீர்மானித்தால், அதற்கு வேண்டிய பாத்ரூம், தீயணைப்பு, அறை அளவு அந்த வீட்டில் உண்டா என்று பார்த்துவிடலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது

தோம்பு பார்த்து முடியும் வரை காசு கைமாறக் கூடாது. "வேறு ஆளும் கேட்கினம்" என்பது தரகர் எல்லா வீட்டுக்கும் சொல்வது. பிறகு கொடுப்பதும் பத்து வீதத்துக்கு மேல் வேண்டாம், வங்கி மூலம் போகட்டும். ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையில் எழுதி, இவற்றைச் சேருங்கள்: உறுதியில் குறை கண்டால் முழுத் தொகையும் எத்தனை நாளில் திரும்பும், புதிய அளவைப்படத்தின் பரப்பு உறுதியைவிடக் குறைந்தால் விலை எப்படிக் குறையும், முன்வாங்குரிமை அறிவித்தலை யார் எப்போது கொடுப்பது, இப்போது இருக்கிற குடியிருப்பாளர் எந்தத் தேதியில் எழும்புவது. கடைசி ஆள் எழும்பி, வீடு வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அறுதி உறுதியில் கையொப்பமிடுங்கள். அதற்கடுத்த கிழமையே கரண்ட் கணக்கையும் தண்ணீர் இணைப்பையும் சோலைவரிப் பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழையவரின் நிலுவை அந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கும்.